நீலகிரியின் பூட்டிய கதவுகள்: அரசுத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும், தமிழ்நாடு அரசின் சுற்றுலா, தொல்லியல், அருங்காட்சியகங்கள், பழங்குடியினர் நலம், வனம் ஆகிய துறைகளின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் சமவெளியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. இத்தனை துறைகளையும் ஒரே மடலில் அழைக்கக் காரணம் உண்டு. நீலகிரியில் பழைய பொருள் ஒன்றையோ பழைய இடம் ஒன்றையோ பார்க்க நினைத்தால், அது யார் பொறுப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பாதிப் பொழுது போய்விடும். பாறை ஓவியம் காட்டுக்குள் இருந்தால் வனத்துறையைக் கேட்கவேண்டும். ஓவியத்தைப் பற்றிக் கேட்டால் தொல்லியல் துறைக்குப் போகச் சொல்வார்கள். பக்கத்து ஊர் மக்களைப் பற்றிக் கேட்டால் பழங்குடியினர் நலத்துறை. போகும் வழியைக் கேட்டால் சுற்றுலா அலுவலகம், அங்கே கேட்டால் தொட்டபெட்டாவுக்கு வழி சொல்வார்கள். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அனுப்பிவிடுவீர்கள் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊட்டி ஒன்று இருக்கிறது: ஏரி, படகு, தாவரவியல் பூங்கா, சாக்லேட், குளிருக்கு ஒரு குல்லா. அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. படகில் போகட்டும், சிரிக்கட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் இரண்டு நாள் மலையில் இருந்துவிட்டு இறங்கும்போது, இந்த மலையில் யார் இருந்தார்கள், இன்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் வராது. வந்தாலும் "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச ஊரு சார்" என்றுதான் வரும்.

அந்தப் பதிலைப் பிள்ளைகள் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. 2022-இல் ஊட்டிக்கு 200 வயது என்று நாம் விழா எடுத்தோம். ஜான் சல்லிவனுக்குச் சிலை வைத்தோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்ததும், பிறகு ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் எழுப்பியதும், ஏரியை உண்டாக்கியதும் வரலாறுதான். ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் இன்று அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. அதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அவர் ஊட்டியில் வீடு கட்டிய நிலம் தோடர் பழங்குடிகளின் நிலம். அங்கே அவர்களுடைய எருமைகள் மேய்ந்தன. 1117-ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அஞ்சவைத்து நீலமலையைக் கைப்பற்றியதாகப் பெருமை பேசுகிறது. சல்லிவனுக்கு 700 வருடம் முன்னால் தோடர் பெயர் கல்லில் ஏறிவிட்டது. 200 வயது அந்த ஊரின் கட்டடங்களுக்கு. மலையில் வாழ்ந்தவர்களுக்கு எத்தனை வயது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருந்து என் பிள்ளைகள் படித்ததில்லை.

கல்லறைகளின் கதை இன்னும் கனமானது. நீலகிரியின் குன்று உச்சிகளில் கற்குவைகளும் கல்வட்டங்களும் சிதறிக் கிடக்கின்றன. 1847-இலேயே கேப்டன் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி அவற்றைத் தோண்டிப் பார்த்து எழுதியிருக்கிறார். 1868-இல் நீலகிரி தனி நிர்வாகமானபோது முதல் கமிஷனராக வந்த ஜேம்ஸ் பிரீக்ஸ் பல இடங்களைத் தோண்டினார். அவர் 1872-இல் இறந்தார், அடுத்த வருடம் அவருடைய குறிப்புகள் புத்தகமாக அச்சாயின. தோண்டியவற்றுள் கிடைத்தவை சாதாரணப் பொருட்களா என்ன! மூடிமேல் எருமை, யானை, குதிரை வீரன், பெண் என்று உருவங்கள் நிற்கும் மண்பானைகள். வெண்கலக் கிண்ணங்கள். தங்க நகைகள். இரும்பு ஆயுதங்கள். இவை எந்தக் காலத்தவை, இவற்றைப் புதைத்தவர்கள் இன்றைய பழங்குடிகளில் யாருக்காவது முன்னோரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இந்த வாதமே ஒரு நல்ல வரலாற்று வகுப்பு.

அந்தப் பொருட்களில் கணிசமான பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். கல்லறை இங்கே, கல்லறைப் பொருள் 500 கிலோமீட்டருக்கும் கடலுக்கும் அப்பால். குன்றில் ஏறிக் கற்குவியலைப் பார்க்கிற பிள்ளைக்கு அது வெறும் கற்குவியல். எழும்பூரில் பானை மூடியைப் பார்க்கிற பிள்ளைக்கு அது வெறும் பொம்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துக் காட்டினால்தான் அதன் கனம் தெரியும்.

லண்டனிலிருந்து மீட்டு வாருங்கள் என்று இந்த மடலில் நான் கேட்கப்போவதில்லை. அது பெரியவர்கள் பேசவேண்டிய பெரிய பேச்சு. எழும்பூர் நம்முடையதுதானே. அருங்காட்சியகங்கள் துறைக்கு ஊட்டியிலேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே துறையின் இரண்டு கட்டடங்களுக்கு இடையில் பத்துப் பானைகளைச் சில மாதங்களுக்குச் சுற்றில் அனுப்புவது முடியாத காரியமா? பாதுகாப்பு, காப்பீடு, ஈரப்பதம் என்று சொல்வீர்கள். அந்த அச்சம் நியாயமானது. ஊட்டியின் காற்றில் தென்மேற்குப் பருவமழையும் ஈரம் ஏற்றும், வடகிழக்குப் பருவமழையும் ஏற்றும். மரமும் துணியும் பூஞ்சை பிடிக்கும், இரும்பு துருவேறும். சுட்ட மண் அந்த அளவுக்குக் கெடாது, அதனால் பானைகளிலிருந்து தொடங்குங்கள். அதுவும் முடியாதென்றால் நல்ல நகல்கள் செய்து வையுங்கள், பக்கத்தில் எந்தக் குன்றில் கிடைத்தது என்று ஒரு வரைபடம் மாட்டுங்கள். நகலைப் பிள்ளைகள் கையில் எடுத்தும் பார்க்கலாம். ஒரு விதத்தில் அசலைவிட நல்லது.

சரி, இருக்கிற அருங்காட்சியகங்களுக்கு வருகிறேன்.

ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது, அதற்குள் ஒரு அருங்காட்சியகம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கண்ணேரிமுக்கில் சல்லிவனின் பழைய வீட்டைச் சீர்செய்து, நீலகிரி ஆவண மையத்தின் படங்களையும் பொருட்களையும் வைத்திருக்கிறார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டினால், மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கென்று ஓர் அருங்காட்சியகம். இத்தனை சிறிய மாவட்டத்துக்கு இது குறைவில்லை. புதிதாகப் பெரிய கட்டடம் எதையும் கேட்டு நான் இதை எழுதவில்லை. சொல்லப்போனால் புதிய கட்டடம் வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். மண் சரிகிற மலையில் ஏற்கெனவே கான்கிரீட் அதிகம்.

மலைமேல் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது கதவு பூட்டியிருந்தது. எது என்று சொல்லமாட்டேன், அங்கே வேலை பார்க்கிறவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இணையத்தில் போட்டிருந்த நேரப்படி அது திறந்திருக்கவேண்டிய வேளை. பக்கத்துத் தேயிலைக் கடைக்காரர்தான் கைபேசியில் கூப்பிட்டுச் சாவிக்காரரை வரவழைத்தார். அவர் வேறொரு அலுவலக வேலையாக டவுனுக்குப் போயிருந்தார். பொறுமையாகத்தான் திறந்து காட்டினார். ஆனால் அவருக்கு அந்தப் பொருட்களைப் பற்றி எதுவும் சொல்லத் தெரியவில்லை. "நான் ஆபீஸ் வேலைக்கு வந்தவன் சார், இதையும் பார்த்துக்கச் சொன்னாங்க" என்றார். குற்றம் அவருடையதில்லை. பூட்டுக்கு ஆள் போட்டவர்கள் பேச்சுக்கு ஆள் போடவில்லை.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த விளக்க அட்டைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். "பழங்குடியினர் பயன்படுத்திய மூங்கில் பாத்திரம்" என்று ஒன்று. எந்தப் பழங்குடி? தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு குழுக்களும் நீலகிரியில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு பேரின் வாழ்க்கையும் ஒன்றுபோல் இருந்ததில்லை. தோடர்கள் எருமை மேய்த்தவர்கள். கோத்தர்கள் இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள், மற்றவர்களின் சாவு வீட்டுக்கும் விழாவுக்கும் வாத்தியம் வாசித்தார்கள். குறும்பர்கள் தேன் எடுத்தார்கள், மற்றவர்கள் அவர்களுடைய மந்திரத்துக்குப் பயந்தார்கள். படகர்கள் விளைவித்த தானியம் இவர்களிடம் போனது, இவர்களுடைய பொருளும் உழைப்பும் படகர்களிடம் போயின. மானுடவியல் படிக்கிறவர்கள் உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசும் உறவு இது. இதை ஒரே சொல்லில் சுருட்டி மூங்கில் பாத்திரத்துக்கு அடியில் ஒட்டிவைத்தால் பிள்ளைக்கு என்ன புரியும்? அந்தப் பாத்திரம் பால் கறக்கவா, தேன் சேர்க்கவா, யார் வீட்டிலிருந்து எந்த வருடம் வாங்கியது, செய்தவர் யார், இன்னும் யாராவது செய்கிறார்களா? ஐந்து வரி போதும்.

அந்த "பயன்படுத்திய" என்ற இறந்தகாலமும் எனக்கு நெருடுகிறது. பூத்துக்குளி என்ற பூவேலைச் சால்வை போர்த்திய தோடர் பெண்மணி ஒருவர் அன்று அதே பேருந்தில் எங்களோடு வந்தார். தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பெண்கள் இன்றும் தைக்கிறார்கள், விற்கிறார்கள். பெட்டிக்குள் இருந்த சால்வையைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி, "சார், இவங்க இப்போ இருக்காங்களா?" என்று கேட்டாள். பேருந்தில் பார்த்தவரையும் பெட்டியில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

நான் கேட்பது இதுதான்: இந்த ஆறு சமூகங்களிலிருந்தும், படகர் ஊர்களிலிருந்தும், படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களை இந்த இடங்களில் விளக்குநர்களாக நியமியுங்கள். தினக்கூலிக்கோ சீசனுக்கு மட்டுமோ வேண்டாம், மாதச் சம்பளத்துக்குப் போடுங்கள். எந்தப் பொருளைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது, அதன் அட்டையில் என்ன எழுதவேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் அவர்களுடைய பெரியவர்களும் இருக்கட்டும். அரசு அலுவலர் கையெழுத்துப் போடட்டும், வாசகத்தை அவர்கள் சொல்லட்டும். இந்த மடலில் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் ஒதுக்கிவிட்டாலும் இதை மட்டும் ஒதுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீலகிரியில் அருங்காட்சியகத்துக்கு வெளியே இருக்கும் மரபிடங்கள் பலவும் யாரோ ஒருவருடைய கோயில், யாரோ ஒருவருடைய வீட்டு முற்றம். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஏறினால் ஒரு தோடர் மந்து, அதாவது தோடர்களின் குடியிருப்பு, வரும். பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் அதையும் பூங்காவின் ஒரு பகுதியாக நினைத்துக்கொண்டு வீட்டு வாசல்வரை போய்ப் படம் எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். முத்தநாடு மந்தில் கூம்பு வடிவில் ஒரு கோயில் இருக்கிறது. அந்த மாதிரிக் கோயில்கள் இப்போது மிகச் சில. தோடர் கோயிலுக்குள் வெளியாட்கள் போகக்கூடாது, தோடர் பெண்களே போவதில்லை. இந்த விதியைப் பற்றி நமக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். அது அவர்களுடைய கோயில். எவ்வளவு தூரம்வரை வரலாம், எங்கே நிற்கவேண்டும், படம் எடுக்கலாமா என்று சொல்லும் பலகையை வைக்கவேண்டியது யார் என்பதில்தான் என் கேள்வி. மந்தில் உள்ளவர்கள் சொல்லி, அவர்கள் காட்டிய இடத்தில் வையுங்கள். வேண்டாம் என்றால் அந்த மந்தைச் சுற்றுலா வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பாறை ஓவியங்களின் கதை இதைவிடக் கவலை தருகிறது. கோத்தகிரிக்குக் கீழே கரிக்கையூர்ப் பக்கம் இருப்பவை தமிழ்நாட்டின் மிகப்பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று. இருளர் ஊரைத் தாண்டி, காட்டுக்குள் நடந்து போகவேண்டும். வந்துபோனவர்கள் அந்தப் பாறையில் தங்கள் பெயரையும் காதலையும் கீறிவைத்த செய்தி நாளிதழ்களில் வந்தபோது என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஆயிரக்கணக்கான வருடம் மழையும் வெயிலும் விட்டுவைத்ததை ஒரு சாவிக்கொத்து ஒரு நிமிடத்தில் முடித்துவிடும், போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. இதற்கு இரண்டு விடைகளை அரசு மாறி மாறிச் சொல்லும். ஒன்று, முழுவதுமாக மூடு. இரண்டு, ரோடு போட்டுத் திற. மூடினால் திருட்டுத்தனமாகப் போகிறவர்கள் போவார்கள், பார்க்கத் தகுதியான மாணவன் போகமாட்டான். ரோடு போட்டால் கதை முடிந்தது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால் மட்டுமே அனுமதி என்று ஆக்குங்கள். கட்டணத்தின் பெரும்பங்கு அந்த ஊருக்குப் போகட்டும். யானையும் காட்டெருமையும் நடமாடும் காட்டில் வழி தெரிந்தவர் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எனக்கும் தைரியமில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தங்கள் இயற்கை, பண்பாட்டு மரபைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. கிராம சபை கூடி, இந்த இடத்துக்கு யாரும் வரவேண்டாம் என்று தீர்மானித்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். என் பிள்ளைகளுக்கு நான் படத்தைக் காட்டிக்கொள்கிறேன்.

மலை ரயிலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, அதற்கு ரசிகர்கள் ஏராளம். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றம், தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம். இன்றும் ஓடுகிறது என்பதே அதன் சிறப்பு. ஒரு சின்ன ஆசை மட்டும் உண்டு. ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது பிள்ளைகள் இறங்கி ஓடி என்ஜினுக்கு அடியில் எட்டிப் பார்க்கிறார்கள். பல்சக்கரம் எப்படிப் பிடிக்கிறது, பிடி விட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். அங்கே ஒரு வெட்டுமாதிரியும் ஒரு படமும் வைத்தால் இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு வார வேலை மிச்சம். ரயில்வே உங்கள் கையில் இல்லை என்று தெரியும். கடிதம் எழுதலாமே.

ரயிலைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்வி என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோகிறது. நீலகிரியின் எந்தக் காட்சிக்கூடத்திலும் என் பிள்ளைகள் கூலிக்காரர்களைச் சந்தித்ததில்லை. தேயிலைச் செடியைக் கொண்டுவந்த துரைகளின் படம் இருக்கும், கொழுந்து பறித்தவர்களின் பெயர் இருக்காது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை என்று எழுதிக்கொண்டார்கள். கப்பலேறி வந்தவர்களில் பெருங்கூட்டம் இந்த மலைக்குத்தான் வந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எங்கே பஸ் ஏறினாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் கடவுச்சீட்டும் கப்பல் பயணச் சீட்டும் இன்னும் பல வீடுகளில் இருக்கும். அந்தத் தலைமுறை போனபின் அந்தக் காகிதம் எதற்கு என்று கேட்கக்கூட ஆளிருக்காது.

ஆள் குடியில்லாமல் இடிந்துகொண்டிருக்கும் லயன் வீடுகள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தோட்டங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒரு வரிசையை, ஒன்றே ஒன்றை, இடிக்காமல் எடுத்து அந்த மக்களின் கையிலேயே கொடுத்து ஒரு காட்சியகமாக்கினால் என்ன? கொழுந்துக் கூடை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு, பிரஜாவுரிமைக் காகிதங்கள், தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்த கதையைச் சொல்லும் குரல்களின் ஒலிப்பதிவு. புதிய கட்டடம் வேண்டாம் என்று சொன்னவன் இதை மட்டும் கேட்கிறேன், இதுவும் பழைய கட்டடம்தான். இதேபோல 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் தேடி லண்டன் கம்பெனிகள் வந்து கொட்டிய பணமும், ஏமாந்து ஓடிய வேகமும் ஒரு தனி நாடகம். கைவிட்ட சுரங்கக் குழிகள் ஆபத்தானவை, அங்கே யாரையும் கூட்டிப்போகச் சொல்லவில்லை. கூடலூர் நகரில் ஒரு அறையில் அந்தக் கதையைச் சொல்லலாம்.

இனி நடைமுறை. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால், வெளி வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் நீலகிரிக்குள் வருகின்றன. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வாகனங்களுக்கு வரம்பும் வந்தது. மலை தாங்காது என்பதால் வந்த ஏற்பாடு, நான் அதை வரவேற்கிறேன். இ-பாஸ் கேட்கும்போது வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று எல்லாவற்றையும் நாங்கள் சொல்கிறோம். பதிலுக்கு அந்தப் பாஸின் கீழேயே நீங்களும் எங்களுக்கு நாலு வரி சொல்லலாம்: அன்று எந்த அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும், எந்தப் பேருந்து அங்கே போகும், எந்த இடத்துக்கு முன் அனுமதி வேண்டும், மந்துகளில் எப்படி நடந்துகொள்ளவேண்டும். மலையேறும் ஒவ்வொரு வெளி வண்டியின் கையிலும் அந்தக் காகிதம் இருக்கும். இதைவிட மலிவான விளம்பரம் எந்தச் சுற்றுலாத் துறைக்கும் கிடைக்காது.

வண்டிகளைக் குறைக்கச் சொல்லும்போதே பேருந்தையும் நினைக்கவேண்டும். காட்சிமுனைகளுக்குச் சுற்றுப் பேருந்து விடத் தெரிந்த நமக்கு, சனி ஞாயிறுகளில் ஊட்டியிலிருந்து பாலாடாவுக்கும் கோத்தகிரியிலிருந்து கண்ணேரிமுக்குக்கும் நேரம் சொல்லி ஒரு மினி பஸ் விடத் தெரியாதா? கோத்தகிரிக்குப் போகிறவர்களுக்கு லாங்வுட் சோலையும் இருக்கிறது. டவுனை ஒட்டி 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சல்லிவன் வீட்டையும் சோலையையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். அப்புறம், கழிப்பறை. நாற்பது பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியருக்கு உலகப் பாரம்பரியத்தைவிட அவசரமான பொருள் அதுதான். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டுத் தலைவலியோடு இறங்குவதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். மே மாதம் முழுக்கக் கோடை விழா நடத்துகிறோம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறி, கூடலூரில் வாசனைத் திரவியம். பூவால் யானையும் கோட்டையும் செய்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் செலவில் ஒரு சிறு பகுதி இருபது விளக்குநர்களின் வருடச் சம்பளத்துக்குப் போதும் என்பது என் ஊகம். கணக்குப் புத்தகம் உங்களிடம்தான் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடுகிறார்கள். நம் கோடை விழாவின் நடு வாரத்தில் அது வருகிறது, மலை முழுக்கக் கூட்டம் இருக்கும் வேளை. வரும் மே 18-க்குள் மூன்று காரியங்களை முடித்துத் தாருங்கள். மாவட்டத்தின் எல்லா அருங்காட்சியகங்களின் திறப்பு நேரமும் பொறுப்பாளரின் அலுவலக எண்ணும் இ-பாஸில் அச்சாகவேண்டும். முத்தோரை பாலாடாவிலும் கண்ணேரிமுக்கிலும் உள்ளூர்ச் சமூகங்களைச் சேர்ந்த விளக்குநர்கள் குறைந்தது இருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கவேண்டும். கரிக்கையூர் குறித்து அந்த ஊர்க் கிராம சபையிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை வெளியிடவேண்டும், பதில் எதுவானாலும்.

இந்த மடலுக்கு ஒரே பதிலாக ஐந்து துறைகளும் சேர்ந்து எழுதினால் நல்லது. தனித்தனியாக எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் அடுத்த பயணத்துக்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கவேண்டும், அதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்